எதை எண்ணுகிறார்கள்? சர்வர் லைசன்ஸைப் படிக்க ஒரு வழி

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

போன எபிசோடுல லோடு பேலன்சர் பத்திப் பேசினோம். இன்னிக்குப் பேசப்போற விஷயத்தைக் கேட்டதும் பாதிப் பேர் அடுத்த பாட்காஸ்ட்டுக்குத் தாவிடுவீங்கன்னு தெரியும். லைசன்ஸ். அதாவது ஒரு நிறுவனத்தோட பிசினஸ் அப்ளிகேஷன் ஓடுற சர்வர்ல இருக்கிற ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், அப்ளிகேஷன் சர்வர், இதுக்கெல்லாம் என்ன லைசன்ஸ், எத்தனை வேணும்ங்கிற கணக்கு.

"அது பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் வேலை, நமக்கு எதுக்கு?" என்று நானும் கேட்டவன்தான். அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தப்பு

என் முதல் வேலை ஒரு சின்ன கம்பெனியில். மொத்தம் 30 பேர் இருப்போம். மில்களுக்கும் குடோன்களுக்கும் ஸ்டாக் பார்க்கிற ஒரு அப்ளிகேஷன் எழுதி, எங்க சர்வரிலேயே ஓட்டிக் கொடுத்தோம். சேர்ந்து ஆறு மாசத்துல, புது சர்வர்ல டேட்டாபேஸ் இன்ஸ்டால் பண்ணுன்னு என்கிட்ட சொன்னாங்க. எந்த நிறுவனத்தோட டேட்டாபேஸ்னு பேர் சொல்லல. தப்பு அவங்க மேல இல்ல, என் மேலதான்.

டவுன்லோடு பக்கத்தில் நாலைந்து எடிஷன்கள் இருந்தன. அதில் டெவலப்பர் எடிஷன் இலவசம், ஆனால் விலை உயர்ந்த எடிஷனில் இருக்கிற எல்லா வசதியும் அதில் உண்டு. நான் டெவலப்பர், இது டெவலப்பர் எடிஷன், அப்புறம் என்ன? அதையே போட்டேன். உரிமத்தின் நிபந்தனைகள் திரையில் வந்தன. கீழே வரை தள்ளிவிட்டு "ஏற்கிறேன்" என்ற இடத்தில் டிக் போட்டேன். எடுத்துக்கொண்ட நேரம் மூன்று நொடி.

மூணு வருஷம் ஓடுச்சு. ஒரு பிரச்சினையும் இல்ல. அப்புறம் ஒரு நாள் அந்த நிறுவனத்தோட லைசன்ஸ் ரிவ்யூன்னு ஒரு மெயில் வந்தது. மரியாதையான மெயில்தான். "உங்களிடம் ஓடும் சர்வர்களின் பட்டியலை அனுப்புங்கள்" என்று கேட்டிருந்தார்கள். பட்டியல் எடுத்தால் அதில் நான் போட்ட அந்த எடிஷன். வாடிக்கையாளர் டேட்டாவோடு, புரொடக்‌ஷனில். டெவலப்பர் எடிஷன் எழுதிப் பார்க்கவும் சோதிக்கவும் மட்டும்தான், உண்மையான வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது அந்த நிபந்தனையின் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது.

அதைவிட மோசமான செய்தி அடுத்து வந்தது. சரி, விலை குறைந்த எடிஷனுக்கு மாறலாம் என்று பார்த்தால் முடியவில்லை. டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இண்டெக்ஸை மறுபடி கட்டுகிற வசதி ஒன்றை ராத்திரி ஜாபில் நானே சேர்த்திருந்தேன். அது மேல் எடிஷனில் மட்டும்தான் உண்டு. கூடவே அந்த சர்வரில் 16 கோர். எங்கள் லோடுக்கு 4 கோர் தாராளம். பெரிய மெஷின் சும்மா கிடந்ததே என்று அதில் போட்டிருந்தேன். பதினாறு கோருக்கும் பில் வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

இந்தக் கதையின் முடிவைக் கடைசியில் சொல்றேன்.

மண்டபமா, இலையா?

லைசன்ஸ் ஒப்பந்தம் நாற்பது பக்கம் இருக்கலாம். எடுத்தவுடன் நான் இப்போது தேடுவது ஒரே ஒரு விஷயம்: இவர்கள் எதை எண்ணுகிறார்கள்?

கல்யாண வீட்டை யோசிச்சுப் பாருங்க. மண்டபத்துக்கு நாள் வாடகை. நூறு பேர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் அதே தொகை. சமையல்காரருக்கு இலைக்கணக்கு. பந்தியில் எத்தனை இலை விழுந்ததோ அத்தனைக்குக் காசு. இரண்டும் நமக்குப் புரியும். இப்போது ஒரு சமையல்காரர் வந்து, "சாப்பிட்டவங்க கணக்கு வேண்டாம், எத்தனை பத்திரிகை அடிச்சீங்களோ அத்தனை இலைக்குக் காசு கொடுங்க" என்றால்? இன்னொருவர், "நீங்க ரெண்டு அடுப்புதான் பத்த வெச்சீங்க, ஆனா சமையல்கட்டுல பன்னிரண்டு அடுப்பு இருக்கே, பன்னிரண்டுக்கும் கொடுங்க" என்றால்?

சர்வர் லைசன்ஸில் இந்த நாலு வகைக்காரர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

அடுப்பை எண்ணுபவர்கள்: கோர் கணக்கு

விண்டோஸ் சர்வர் 2016 பதிப்பிலிருந்து கோர் கணக்கு. மெஷினில் இருக்கிற எல்லா கோருக்கும் லைசன்ஸ் வேண்டும். ஒரு புராசஸருக்குக் குறைந்தது 8, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர் வாங்கியே ஆக வேண்டும். ஸ்டாண்டர்ட் எடிஷனில் அப்படி வாங்கினால் இரண்டு விர்ச்சுவல் மெஷின் ஓட்டலாம். மூன்றாவது வேண்டுமென்றால் எல்லா கோருக்கும் இன்னொரு முறை வாங்க வேண்டும். டேட்டாசென்டர் எடிஷனில் எத்தனை வேண்டுமானாலும் ஓட்டலாம். ஒரு ஹோஸ்டில் பத்துப் பன்னிரண்டு விர்ச்சுவல் மெஷின் வரும் என்று தெரிந்தால், இரண்டுக்கும் விலை கேட்டு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எஸ்க்யூஎல் சர்வரிலும் கோர் கணக்கு உண்டு. இரண்டு கோர் ஒரு பேக். ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குக் குறைந்தது 4 கோர். நீங்கள் இரண்டு கோர் மட்டும் கொடுத்திருந்தாலும் நாலுக்குத்தான் வாங்க வேண்டும்.

ஆரக்கிளில் கொஞ்சம் வேறு மாதிரி. டேட்டாபேஸ் என்டர்பிரைஸ் எடிஷன், வெப்லாஜிக் என்டர்பிரைஸ் எடிஷன் போன்றவற்றில் கோர் எண்ணிக்கையை ஒரு காரணியால் பெருக்குவார்கள். இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்கு அது 0.5. அதாவது 8 கோர் என்றால் 4 புராசஸர் லைசன்ஸ். இது வரை சிக்கல் இல்லை.

விர்ச்சுவல் மெஷினுக்கு வரும்போதுதான் சிக்கல். மூன்று ஹோஸ்ட், ஒவ்வொன்றிலும் 32 கோர், மேலே விஎம்வேர் கிளஸ்டர் என்று வையுங்கள். அதில் 4 கோர் மட்டும் கொடுத்து ஒரு விர்ச்சுவல் மெஷினில் டேட்டாபேஸ் போடுகிறீர்கள். நம்ம கணக்கு: 4 பெருக்கல் 0.5, ஆக 2 லைசன்ஸ். ஆரக்கிளின் பார்ட்டிஷனிங் கொள்கை ஆவணம் விஎம்வேரை, கோர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் தடுப்பாக ஏற்பதில்லை. அந்த விர்ச்சுவல் மெஷின் எந்த ஹோஸ்டுக்கும் நகரலாம், ஆகவே எல்லா ஹோஸ்டும் கணக்கில் வரும் என்பது அவர்கள் வாதம். 96 கோர் பெருக்கல் 0.5, ஆக 48 லைசன்ஸ். இரண்டுக்கும் நாற்பத்தெட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு எஞ்சினியர் போட்ட ஒரு டிக்.

இங்கே ஒரு நுட்பம். அந்தக் கொள்கை ஆவணத்திலேயே, இது தகவலுக்காக மட்டும், ஒப்பந்தத்தின் பகுதி அல்ல என்று எழுதியிருக்கும். அதனால் இதில் வாதாட இடம் இருக்கிறது, வாதாடியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு சின்ன கம்பெனிக்கு வாதாடுவதைவிட, அந்த டேட்டாபேஸைக் கிளஸ்டரில் சேர்க்காமல் தனி மெஷினில் வைப்பது மலிவு.

தலையை எண்ணுபவர்கள்: கேல்

அடுத்து, மைக்ரோசாஃப்டின் கிளையன்ட் ஆக்சஸ் லைசன்ஸ். சுருக்கமாக கேல். சர்வருக்கு ஒரு லைசன்ஸ், அதைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கேல். எஸ்க்யூஎல் சர்வர் ஸ்டாண்டர்ட் எடிஷனில் கோர் வழியும் உண்டு, இந்த வழியும் உண்டு. எது லாபம்?

கணக்குப் போடுவோம். எஸ்க்யூஎல் சர்வர் 2022 ஸ்டாண்டர்டுக்கு மைக்ரோசாஃப்டின் பட்டியல் விலை: இரண்டு கோர் பேக் 3,945 டாலர், சர்வர் லைசன்ஸ் 989 டாலர், ஒரு கேல் 230 டாலர். குறைந்தபட்சம் நாலு கோர் என்றால் 7,890 டாலர். அதிலிருந்து 989-ஐக் கழித்து 230-ஆல் வகுத்தால் 30. ஆக, நாலு கோர் மெஷினில் பயனர்கள் 30 பேருக்குக் கீழே இருந்தால் கேல் மலிவு, மேலே போனால் கோர் மலிவு. ரீசெல்லர் சொல்லும் விலை மாறும், ஆனால் இந்தக் கணக்கைப் போடும் முறை மாறாது.

கேலிலும் இரண்டு வகை. யூசர் கேல், டிவைஸ் கேல். ஒரு ஸ்பின்னிங் மில் கேட்டில் ஒரே கம்ப்யூட்டர், மூன்று ஷிப்ட், மூன்று பேர் மாறி மாறி உட்காருகிறார்கள் என்றால் டிவைஸ் கேல் ஒன்று போதும். அதே மில்லின் மேனேஜர் டெஸ்க்டாப், லேப்டாப், போன் மூன்றிலிருந்தும் பார்க்கிறார் என்றால் யூசர் கேல் ஒன்று.

இப்போ எஞ்சினியர்கள் எல்லாரும் விழுகிற குழி. "எங்க வெப் அப்ளிகேஷன் டேட்டாபேஸோட ஒரே ஒரு சர்வீஸ் அக்கவுன்ட்லதான் பேசுது. அதனால ஒரு கேல் போதும்ல?" போதாது. இதற்கு மல்டிபிளெக்சிங் என்று பெயர். நடுவில் எத்தனை அடுக்கு வைத்தாலும், கடைசியில் அந்த டேட்டாவைத் தொடுகிற ஒவ்வொரு மனிதரும், ஒவ்வொரு கருவியும் கணக்கில் வரும். இலை எடுத்துப் பரிமாறுவது ஒருவர்தான் என்பதால் ஒரு இலைக்கு மட்டும் காசு கொடுக்க முடியாதில்லையா? அதுபோலத்தான். வாடிக்கையாளர்கள் வெளியிலிருந்து லாகின் பண்ணுகிற போர்ட்டல் என்றால், தலையை எண்ணவே முடியாது. அங்கே கோர் கணக்குதான் வழி.

பத்திரிகையை எண்ணுபவர்கள்: ஜாவா

இனி ஜாவா. இது நம்மில் பலருக்கு நேரடியாகத் தொடர்புள்ளது.

ஆரக்கிள் ஜேடிகே 8-க்கு ஏப்ரல் 2019-லிருந்து வந்த அப்டேட்டுகள் புது லைசன்ஸில் வந்தன. சொந்தப் பயன்பாட்டுக்கும் டெவலப்மென்ட்டுக்கும் இலவசம், புரொடக்‌ஷனில் வணிகப் பயன்பாட்டுக்குச் சந்தா வேண்டும். ஜனவரி 2023-ல் சந்தாவின் கணக்கே மாறியது. புராசஸர், பயனர் என்ற பழைய கணக்கு போய், நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கை அளவுகோலானது. பட்டியல் விலைப்படி 999 பேர் வரை உள்ள நிறுவனத்துக்கு ஒருவருக்கு மாதம் 15 டாலர். ஊழியர் என்றால் ஜாவா பயன்படுத்துபவர் என்று அர்த்தமில்லை. முழுநேரம், பகுதிநேரம், தற்காலிகம், நிறுவனத்தின் உள்வேலைக்கு உதவும் கான்ட்ராக்டர்கள், எல்லாரும்.

திருப்பூரில் 400 பேர் வேலை செய்கிற ஒரு பனியன் கம்பெனியைக் கற்பனை பண்ணுங்க. 380 பேர் தைக்கிறாங்க, மடிக்கிறாங்க, பேக் பண்றாங்க. ஆபீசில் 20 பேர். ஒரே ஒரு சர்வரில் ஒரு ஜாவா அப்ளிகேஷன். 400 பெருக்கல் 15 பெருக்கல் 12, வருஷத்துக்கு 72,000 டாலர். டாலர் 84 ரூபாய் என்று வைத்தால் 60 லட்சத்துக்கு மேல். தையல் மெஷின் முன்னாடி உட்கார்ந்திருக்கிற அக்காவுக்கும் சேர்த்து ஜாவா சந்தா.

பயப்பட வேண்டாம், வழி இருக்கிறது. ஜாவா வேறு, ஆரக்கிள் ஜேடிகே வேறு. ஓப்பன்ஜேடிகே என்ற திறந்த மூலத் திட்டத்திலிருந்து பலர் ஜேடிகே கட்டித் தருகிறார்கள். எக்லிப்ஸ் டெமுரின், அமேசான் கொரெட்டோ, அசூல் சூலு என்று பல உண்டு. ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, கிளாஸ்பாத் விதிவிலக்கோடு. அந்த விதிவிலக்கு இருப்பதால், அதன் மேல் ஓடும் உங்கள் அப்ளிகேஷன் கோடைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. புரொடக்‌ஷனில் இலவசம்.

"ஆரக்கிளே 2021-ல ஜாவா 17-ஐ இலவசம்னு அறிவிச்சாங்களே?" உண்மை. ஆனால் அதில் ஒரு காலவரம்பு இருக்கிறது. அடுத்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு வந்து ஓராண்டு வரைதான் இலவச அப்டேட். ஜாவா 21 செப்டம்பர் 2023-ல் வந்தது. செப்டம்பர் 2024-க்குப் பிறகு வந்த ஆரக்கிள் ஜேடிகே 17 அப்டேட்டுகள் மறுபடி அந்தச் சந்தா லைசன்ஸுக்குள் போய்விட்டன. அதாவது நீங்கள் ஒரு கோடும் மாற்றாமல், வழக்கமான செக்யூரிட்டி அப்டேட் போட்டதாலேயே ஒரு லைசன்ஸிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்திருக்கலாம். இன்றே எல்லா சர்வரிலும் ஜாவா வெர்ஷன் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். அது எந்த நிறுவனத்தின் பில்டு என்று பாருங்கள். பழைய அப்ளிகேஷன்களின் ஃபோல்டருக்குள் தனியாக ஒரு ஜேஆர்இ ஒளிந்திருக்கும், அதையும் தேடுங்கள்.

எண்ணாதவர்கள்: திறந்த மூலம்

டாம்கேட், வைல்ட்ஃப்ளை, போஸ்ட்கிரெஸ். இவர்கள் கோரையும் எண்ண மாட்டார்கள், தலையையும் எண்ண மாட்டார்கள். அப்போ எல்லாத்தையும் இதுக்கே மாத்திடலாமா? பல இடங்களில் என் பதில் ஆமாம்தான். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு மாறுங்கள்.

ஒன்று, இலவசம் என்றால் வேலை நம் தலையில். வைல்ட்ஃப்ளை இலவசம். அதே கோடிலிருந்து ரெட் ஹேட் தரும் ஜேபாஸ் ஈஏபிக்குச் சந்தா. வித்தியாசம், பழைய பதிப்புக்கும் வருடக்கணக்கில் செக்யூரிட்டி திருத்தம் தருவது. வைல்ட்ஃப்ளையில் திருத்தம் வேண்டுமென்றால் பெரும்பாலும் அடுத்த பதிப்புக்கு ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஏற ஆள் இருக்கிறதா? இருந்தால் இலவசம் நல்லது. இல்லையென்றால் சந்தா ஒரு எஞ்சினியர் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கலாம்.

இரண்டு, லைசன்ஸ் மாறும். மாங்கோடிபி 2018 அக்டோபரில் மாற்றியது. ரெடிஸ் 2024 மார்ச்சில் மாற்றியது, உடனே லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வால்கீ என்று ஒரு கிளை பிறந்தது. 2025-ல் ரெடிஸ் 8-க்கு ஏஜிபிஎல் என்ற திறந்த மூல லைசன்ஸும் சேர்ந்தது. இந்த மாற்றங்கள் புதிய பதிப்புகளுக்குத்தான். ஏற்கெனவே வெளியான பழைய பதிப்பின் லைசன்ஸ் அப்படியே இருக்கும். சென்டோஸ் லினக்ஸ் 8 இன்னொரு பாடம். 2029 வரை வரும் என்று நம்பி ஏறியவர்களுக்கு 2021 டிசம்பரோடு முடிந்தது. லைசன்ஸ் மாறவில்லை, அப்டேட்தான் நின்றது. பலர் அல்மாலினக்ஸுக்கும் ராக்கி லினக்ஸுக்கும் மாறினார்கள்.

ஒரு கேள்வி

இந்தத் தலைப்பைச் சொன்னதும் வந்த கேள்வி: "ஸ்டேண்ட்பை சர்வர் சும்மாதானே நிக்குது, அதுக்கும் லைசன்ஸ் வேணுமா?"

ஒப்பந்தத்தைப் பொறுத்தது. எஸ்க்யூஎல் சர்வரில் சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் வாங்கியிருந்தால், யாரும் அதிலிருந்து டேட்டா படிக்காத வரை, அந்தச் சும்மா நிற்கும் சர்வருக்குத் தனி லைசன்ஸ் வேண்டாம். அதில் ரிப்போர்ட் ஓட்ட ஆரம்பித்த அன்றே அது சும்மா நிற்கிற சர்வர் இல்லை. ஆரக்கிள் டேட்டாபேஸில், ஒரே ஸ்டோரேஜைப் பகிரும் கிளஸ்டரில் மாற்று சர்வருக்கு வருடத்தில் 10 நாள் வரை சலுகை உண்டு. ஆனால் தனியாக டேட்டா நகல் வைத்து ஓடும் ஸ்டேண்ட்பைக்கு முழு லைசன்ஸ் வேண்டும்.

நான் இப்போது செய்வது

ஒரு சாஃப்ட்வேரை சர்வரில் போடும் முன் ஒரு ஷீட்டில் ஐந்து வரி எழுதுகிறேன். எதை எண்ணுகிறார்கள்? இன்று நம்மிடம் அது எத்தனை? எனக்குத் தெரியாமல் அந்த எண் ஏறுமா? எண்ணாதவர்கள் என்றால், செக்யூரிட்டி திருத்தம் எத்தனை நாளைக்கு? இதை விட்டுப் போக என்ன செலவு?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். கோர் எண்ணிக்கை ஏற, யாரோ ஒருவர் கிளஸ்டரில் புது ஹோஸ்ட் சேர்த்தால் போதும். ஊழியர் எண்ணிக்கை ஏற, எச்ஆர் ஆள் எடுத்தால் போதும். நமக்குத் தகவலே வராது.

சரி, என் கதைக்கு வருவோம். ராத்திரி ஜாபை மாற்றி எழுதினோம். டேட்டாபேஸை 4 கோர் உள்ள மெஷினுக்கு நகர்த்தினோம். ஸ்டாண்டர்ட் எடிஷன் வாங்கினோம். கடந்த மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஒரு தொகை கட்டினோம். அந்த வருடம் எடுப்பதாக இருந்த இரண்டு பேரை எடுக்கவில்லை. அதில் ஒருவன் என் காலேஜ் ஜூனியர். நானே ரெஃபர் பண்ணினவன். "அடுத்த மாசம் ஆஃபர் லெட்டர் வரும்டா" என்று சொல்லி வைத்திருந்தேன். வராததற்கு என்ன காரணம் என்று அவனிடம் ரொம்ப நாள் சொல்லவில்லை. போன வருடம்தான் சொன்னேன். அவன் இப்போ நல்ல இடத்துலதான் இருக்கான், சிரிச்சுட்டான். எனக்குத்தான் சிரிப்பு வரல.

எங்கள் மேனேஜர் அன்றைக்குக் கத்தவில்லை. "அந்தத் திரையில என்ன எழுதியிருந்துச்சு, படிச்சியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். படிக்கல சார் என்றேன். "இனிமே படி" என்றார்.

அதைத்தான் உங்களுக்கும் சொல்றேன். நாற்பது பக்கமும் வேண்டாம். எதை எண்ணுறாங்கங்கிற அந்த ஒரு பத்தியைத் தேடிப் படிங்க. புரியலைன்னா இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி கேளுங்க.

உங்க ஆபீஸ்ல இப்படி ஏதாவது நடந்திருந்தா, கம்பெனி பேர் இல்லாம எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பேக்அப் பத்திப் பேசலாம்.